அடிமாட்டுக்குப் போட்ட கடைசி ஊசி: செங்குன்றம் பக்கத்து மாட்டுக் கொட்டகை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இது 2023 ஜூன் முதல் 2024 ஜூலை வரை சென்னையின் வடமேற்குப் புறநகரில் நடந்தது. கொட்டகையின் உரிமையாளர் குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அவர்களையும் கறவைக்காரரையும் மாட்டுத் தரகரையும் அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். எண்ணிக்கைகள் அந்த வீட்டுக் குறிப்பேட்டிலிருந்தும் என் நோயாளர் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை.

பின்னணி

வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதியை இறைச்சிக்காக வரும் மாடுகளோடும் எருமைகளோடும் கழித்திருக்கிறேன். மாட்டிறைச்சி மருத்துவம் என்றாலே அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளவை போன்ற, இறைச்சிக்கென்றே ஆயிரக்கணக்கில் மாடு வளர்க்கும் பண்ணைகள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே இறைச்சிக்கூடத்துக்கு வரும் மாடு பெரும்பாலும் கறந்து ஓய்ந்த பசு, அல்லது உழுது ஓய்ந்த காளை. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டை, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாகச் செயலிழந்த மாட்டை, உரிய சான்றிதழ் பெற்ற பிறகே வெட்ட முடியும். ஆகவே இங்கு இறைச்சியின் தரம் பால் கொட்டகையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அந்த மாட்டின் கடைசி ஒரு மாதம் எப்படிப் போனது, அதன் உடம்பில் என்னென்ன மருந்து ஏறியது என்ற இரண்டு கேள்விகளையும் அங்கேதான் கேட்க வேண்டும்.

பல ஆண்டுகள் இவ்விரண்டையும் நான் தனித்தனி வேலைகளாகவே பார்த்துவந்தேன். ஒன்று விலங்கு நலன், மற்றொன்று ஆன்டிபயாடிக் கட்டுப்பாடு. அவை ஒரே வேலை என்பதை எனக்குப் புரியவைத்தது இந்த நிகழ்வு.

இறைச்சிக்கூடத்தில் கண்டது: 2023 ஜூன்

அப்போது வாரத்தில் மூன்று நாள் ஓர் இறைச்சிக்கூடத்தில் ஆய்வுப் பணி செய்துவந்தேன். 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளின்படி ஒரு மருத்துவர் மணிக்குப் 12 விலங்குகளுக்கு மேலோ ஒரு நாளில் 96-க்கு மேலோ பரிசோதிக்கக் கூடாது. பரிசோதித்த விலங்குக்கு 24 மணி நேரம் ஓய்வும் தர வேண்டும். ஒரு விலங்குக்கு ஐந்து நிமிடம் என்றாகிறது. நடை, மூச்சு, கண், மடி, உடல் வெப்பம் ஆகியவற்றைப் பார்க்க இது போதும். நான்கு நாளுக்கு முன் என்ன ஊசி போட்டார்கள் என்பதை ஐந்து நிமிடத்தில் எந்த மருத்துவராலும் கண்டுபிடிக்க முடியாது.

அன்று வந்தவற்றில் ஜெர்சி கலப்பினப் பசு ஒன்று இருந்தது. சான்றிதழில் பத்து வயதுக்கு மேல் என்று இருந்ததைப் பல் தேய்மானமும் உறுதி செய்தது. மடியில் இரண்டு காம்புப் பகுதிகள் கல்லாக இறுகியிருந்தன. இடது பின்னங்காலை ஊன்றத் தயங்கியது. காய்ச்சல் இல்லை. வெட்டிய பிறகு தொடைத் தசையைத் திறந்தபோதுதான் அந்தத் தயக்கத்துக்குக் காரணம் தெரிந்தது. தசைக்குள் கைமுட்டி அளவில் ஒரு சீழ்க்கட்டி. அதைச் சுற்றியிருந்த சதை வேகவைத்ததுபோல வெளுத்திருந்தது. ஒரு சாண் தள்ளி, தடித்த உறையோடு பழைய கட்டி ஒன்று. வலது தொடையில் இன்னும் காயாத ரத்தக் கசிவோடு புதிய ஊசித் தடம் ஒன்று. அது சில நாளுக்குள் போட்ட ஊசியின் தடம்.

அந்த உடலை நான் விற்பனைக்கு விடவில்லை. வழக்கமாக ஆய்வாளரின் வேலை அதோடு முடிந்துவிடும். ஆனால் காதில் பன்னிரண்டு இலக்க மஞ்சள் அட்டை இருந்தது. தடுப்பூசிக்கும் காப்பீட்டுக்கும் கால்நடைத் துறை மாட்டுக்குப் போடும் அடையாள அட்டை அது. பெரும்பாலும் தரகர் கைக்குப் போவதற்குள் அறுத்துவிடுவார்கள். இதில் தப்பியிருந்தது. எண்ணைக் குறித்துக்கொண்டேன். கொட்டகைக்குப் போவது என் பணியின் எல்லைக்குள் வருவதல்ல. அந்தப் பகுதியின் கால்நடை உதவி மருத்துவரிடம் பேசி, அவரோடு சேர்ந்து போனேன்.

கொட்டகை: 2023 ஜூலை

செங்குன்றத்துக்கு அப்பால், ஏரிக்கரையை ஒட்டிய தாழ்வான இடத்தில் 34 உருப்படிகள் இருந்தன. அவற்றில் 22 கறவையில் இருந்தன. பால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் போனது. உரிமையாளருக்கு நாற்பது வயதிருக்கும். கணக்கைப் பார்ப்பது அவர், மாட்டைப் பார்ப்பது அவருடைய தாயார். குற்றம் கண்டுபிடிக்க வந்ததாக அவர்கள் நினைத்துவிட்டால் எதுவும் தெரியவராது என்பதால், மடிநோய் பற்றிக் கேட்க வந்திருப்பதாகவே பேச்சைத் தொடங்கினோம்.

முதல் உண்மையைத் தாயார்தான் சொன்னார். "ரெண்டு வீட்ல பால நிறுத்திட்டாங்க சார். உறை ஊத்துனா தயிரே உறைய மாட்டேங்குதாம். தண்ணி கலக்குறோம்னு நெனைக்கிறாங்க. சத்தியமா கலக்கல." அவர் சொன்னது உண்மைதான். தண்ணீர் கலந்த பாலும் நீர்த்த தயிராக உறைந்துவிடும். ஆன்டிபயாடிக் கலந்த பாலில் உறைமோரின் நுண்ணுயிர்கள் வளர முடியாததால் பால் பாலாகவே நிற்கும். காய்ச்சினாலும் பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் அழிவதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77-இல் ஆன்டிபயாடிக் எச்சம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அந்த எண்ணிக்கையை நான் கூட்டங்களில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதே செய்தியை உறையாத தயிரின் வழியாக ஒரு தாய் சொல்லக் கேட்டது எனக்கு அதுவே முதல் முறை.

இறைச்சிக்கூடத்தில் நான் பார்த்த பசுவைப் பற்றிக் கேட்டோம். ஆறு ஈற்றுக் கண்ட மாடு. கடைசி ஈற்றில் மடிநோய் வந்து, 19 நாளில் 11 ஊசிகள் போட்டிருக்கிறார்கள். எல்லாம் மருந்துக்கடையில் வாங்கி, பக்கத்துத் தெருவில் ஊசி போடும் ஒருவரைக் கொண்டு போட்டவை. கடைசி ஊசிக்கும் தரகர் வந்ததற்கும் இடையே நான்கு நாள். ஏன் அத்தனை ஊசி என்று கேட்டதற்கு உரிமையாளர் தயங்காமல் பதில் சொன்னார்: "ரெண்டு ஊசி போட்டுப் பாப்போம்னு நெனச்சோம் சார். கேக்கல. இன்னும் ரெண்டு போட்டோம். கேக்கலன்னா அடிமாட்டுக்குக் குடுத்துடலாம்னு இருந்தோம்."

இந்தப் பதிலை அன்றிரவு அப்படியே குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். மாடு தேறும் என்று நம்பி அந்த 11 ஊசிகளும் போடப்படவில்லை. மாட்டை என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியாத நாள்களில்தான் அவை போடப்பட்டிருக்கின்றன. அந்த 19 நாளும் பசுவுக்கு வலி இருந்தது. வலிக்கென்று ஒரு மருந்துகூடத் தரப்படவில்லை.

கறவை நேரத்தில் கண்டவை

இரண்டு நாள் கழித்து, அதிகாலை மூன்றரை மணிக்குக் கறவையைப் பார்க்கப் போனேன். கறவைக்காரர் மூன்று கொட்டகைகளுக்குச் சைக்கிளில் போய்வருபவர். இது அவருக்கு இரண்டாவது கொட்டகை. இடுப்பில் செருகியிருந்த ஒரே துணியை வாளித் தண்ணீரில் நனைத்து முதல் மாட்டின் மடியைத் துடைத்தார். அதே துணியைப் பிழிந்து அடுத்த மாட்டுக்கு நகர்ந்தார். மூன்றாவது மாட்டின் பாலில் தயிர்க்கட்டிபோலத் திரிதிரியாக வந்தது. அதைத் தரையில் பீய்ச்சிவிட்டு, அதே கையைத் தகர டப்பாவில் இருந்த எண்ணெயில் தோய்த்து நான்காவது மாட்டின் காம்பில் தடவினார். கட்டைவிரலை உள்ளே மடக்கி, அதன் கணுவால் காம்பை அழுத்திக் கறந்தார். வேகமாகக் கறக்க உதவும் முறைதான், ஆனால் காம்பின் உட்சுவரை அது நாளடைவில் புண்ணாக்கிவிடும். கறந்து முடித்ததும் மாடுகள் ஈரத் தரையிலேயே படுத்தன. கறந்த பிறகு காம்பின் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் சாணமும் மூத்திரமும் கலந்த ஈரத்தில் மடி கிடந்தால், கிருமிக்குக் கதவைத் திறந்து வைத்ததுபோலத்தான். கயிறும் இரண்டடிதான். காய்ந்த இடம் பார்த்து நகர்ந்து படுக்க மாட்டுக்கு வழியில்லை.

வீட்டின் பின்கட்டில், பிளாஸ்டிக் கூடை ஒன்றில் மருந்துகள் இருந்தன. பாதி பயன்படுத்திய குப்பிகள், ஒரே ஊசிமுனை, தேதி முடிந்த இரண்டு டியூப்கள். உரிமையாளர் கடை ரசீதுகளைக் கம்பியில் குத்தி வைத்திருந்தது எங்களுக்குப் பெரிய உதவியாயிற்று. 2023 ஜனவரி முதல் ஜூன் வரை 61 குப்பி ஆன்டிபயாடிக் வாங்கியிருந்தார். அதில் 38, செஃப்ட்ரையாக்சோன் போன்ற மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள். மனித மருத்துவத்தில் மிக உயர்ந்த முன்னுரிமையோடு காக்க வேண்டியவை என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கும் மருந்துகள் இவை. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள, மருந்து விற்பனை விதிகளின் எச்-1 அட்டவணையின்படி, மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது. விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்கவும் வேண்டும். அந்த 61 குப்பிகளில் ஒன்றுக்கும் சீட்டு இல்லை.

சோதனை முடிவுகள்: 2023 ஆகஸ்ட்

கறவையில் இருந்த 22 மாடுகளில் ஏற்கெனவே அடைந்துபோன 3 காம்புகள் நீங்கலாக 85 காம்புகளையும், மடிநோயைக் கண்டறியும் கலிபோர்னியா சோதனையில் பார்த்தோம். நான்கு குழித் தட்டில் காம்புக்கு ஒன்றாகப் பாலைப் பீய்ச்சி, சம அளவு கரைசல் ஊற்றிச் சுழற்றினால், நோயுற்ற பால் கூழாகத் திரளும். 14 மாடுகளில் 31 காம்புகள் திரண்டன. பார்வைக்கு நோய் தெரிந்தவை ஐந்து மாடுகள்தான். தட்டில் பால் திரள்வதை உரிமையாளரையே தன் கையால் சுழற்றிப் பார்க்கச் சொன்னேன். அதன் பிறகு நாங்கள் விளக்கவேண்டிய தேவை பாதியாகக் குறைந்தது.

மாட்டுக்கு ஒன்றாக 14 பால் மாதிரிகளைக் கிருமி வளர்ப்புக்கும், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று பார்க்கும் மருந்து உணர்திறன் சோதனைக்கும் அனுப்பினோம். ஏழில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், மூன்றில் ஈ-கோலை, இரண்டில் வேறு வகை ஸ்டெஃபைலோகாக்கஸ் வளர்ந்தன. இரண்டில் எதுவும் வளரவில்லை. ஏழு ஆரியஸில் ஐந்து பெனிசிலினுக்குக் கட்டுப்படவில்லை. மூன்று ஈ-கோலையில் இரண்டு, மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினுக்கும் என்ரோஃப்ளாக்சசினுக்கும் கட்டுப்படவில்லை. ஆறு மாதமாகக் கடையில் வாங்கிப் போட்டவையும் இவையேதான். கறவைக்காரரின் துணியிலும் ஆரியஸ் வளர்ந்தது.

கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போவது குறித்து மனித மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்ட அறிக்கைக்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர். அது உருவான நகரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் இந்தக் கொட்டகை இருந்தது என்பதை இங்கே பதிவு செய்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

மருந்தைப் பற்றி எதையும் சொல்வதற்கு முன் தரையைப் பற்றிப் பேசினோம். இந்த வரிசையை வேண்டுமென்றே தேர்ந்தேன். ஈரமும் துணியும் எண்ணெய் டப்பாவும் அப்படியே இருக்க, ஊசியை மட்டும் நிறுத்தச் சொல்வது மாட்டுக்கும் நியாயமில்லை, உரிமையாளருக்கும் நியாயமில்லை. வடிகாலைச் சரிசெய்து, கறவை மாடுகள் நிற்கும் வரிசைக்குப் பழைய ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டார்கள். கயிறு நான்கடியானது. துணிக்குப் பதில் மாட்டுக்கு ஒரு பழைய செய்தித்தாள் துண்டு, துடைத்ததும் எறிந்துவிட வேண்டும். எண்ணெய் டப்பா போனது. கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கி, உடனே தீவனம் வைத்து மாட்டை அரை மணி நேரம் நிற்கவைத்தார்கள். கறவைக்காரர்தான் கடினமாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, விரல் கணு வலிக்கிறது என்று தானே முன்வந்து, கட்டைவிரலை மடக்காமல் கை முழுவதாலும் காம்பைப் பிடித்துக் கறக்கும் முழுக்கை முறையைக் கற்றுக்கொண்டார். இருபது ஆண்டாக அவரிடம் யாரும் கைவலியைப் பற்றிக் கேட்டதில்லை.

அடுத்தது மருந்து. மடி மட்டும் வீங்கி, மாடு நன்றாகத் தின்றுகொண்டிருந்தால் உடனே ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று வைத்தோம். லேசான ஈ-கோலை மடிநோய் பெரும்பாலும் மாட்டின் சொந்த எதிர்ப்பாற்றலாலேயே தணிந்துவிடும். பாலை அடிக்கடி பீய்ச்சி வெளியேற்றுவதும், வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகாம் தருவதும், சோதனை முடிவு வரும்வரை போதும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிவரும் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்த பற்றையும் தாயார் பூசிவந்தார். தேறிய மாடுகளில் எவ்வளவு பங்கு பற்றுக்கு, எவ்வளவு பீய்ச்சலுக்கு என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு கொட்டகை போதாது. ஆனால் நோய் கண்ட மாட்டின் மடியில் ஒரு நாளைக்கு எட்டு முறை கை வைப்பவர், அந்த மடியில் ஏற்படும் மாற்றத்தை எட்டு முறை கவனிக்கிறார். அந்தக் கவனிப்பு ஊசி நாள்களில் இல்லாதது.

மருந்து போட்ட மாட்டின் பின்னங்காலில் சிவப்புத் துணி கட்டப்பட்டது. துணி இருக்கும்வரை அதன் பால் தனி வாளி, அது சாக்கடைக்கு. கன்றுக்கும் தரக்கூடாது, ஏனெனில் எச்சம் கலந்த பாலைக் குடிக்கும் கன்றின் குடலிலும் எதிர்ப்புத் திறன் கொண்ட கிருமிகளே தங்கி வளரும். ஊசி தேவைப்பட்டால் தொடையில் போடாமல் கழுத்தில், ஓரிடத்தில் பத்து மில்லிக்கு மேல் போகாமல், ஒவ்வொரு மாட்டுக்கும் புது ஊசிமுனையோடு போடச் சொன்னோம். மாட்டின் பெயர், மருந்து, தேதி, யார் போட்டது என்ற நான்கும் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே எழுதப்பட்டன. புதிய பதிவேடு ஒன்றைக் கொடுத்திருந்தால் பத்து நாளில் பரணுக்குப் போயிருக்கும்.

இவற்றைவிடக் கடினமாக இருந்தது அடிமாடு பற்றிய முடிவு. குப்பியின் லேபிளில் தனிக் கெடு குறிப்பிடப்படாத மருந்துக்கு, கடைசி ஊசிக்குப் பிறகு குறைந்தது பாலில் 7 நாளும் இறைச்சியில் 28 நாளும் விலக்கு காலம், அதாவது உணவுக்கு எடுக்கக் கூடாத காலம், என்று 2012-இல் மத்திய அரசு விதித்தது. கறவாத மாட்டுக்கு 28 நாள் தீனி போடுவது இந்தக் குடும்பத்துக்குப் பெருஞ்செலவு. அந்தச் செலவைத் தவிர்க்கவே கடைசி ஊசி போட்ட நான்காம் நாளில் மாடு வண்டி ஏறியது. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் வயதைக் கேட்கிறது, செயலிழப்பைக் கேட்கிறது. கடைசி ஊசி எப்போது என்று கேட்பதில்லை. விதியை மட்டும் சொல்லிவிட்டு நாங்கள் வந்திருந்தால் விதியும் போய், காதட்டையும் அறுபட்டிருக்கும். அதனால் வரிசையை மாற்றச் சொன்னோம்: முதலில் மாட்டைப் பற்றிய முடிவு, பிறகுதான் ஊசி. மடியில் நாள்பட்ட ஆரியஸ் ஊன்றி, பலமுறை மருந்து கேட்காத மாட்டுக்கு இன்னொரு ஊசி போடுவதால் குணமாகப் போவதில்லை. அதை வைத்துக்கொள்வதா, கொடுப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால், வேண்டாத ஊசியும் இல்லை, அதற்கான 28 நாள் காத்திருப்பும் இல்லை.

அப்படிப்பட்ட மாடுகள் மூன்று இருந்தன. பதினொரு வயதான ஒன்றைக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அதற்கு ஏற்கெனவே ஊசி போட்டிருந்ததால் 28 நாள் வைத்திருந்து, சான்றிதழ் பெற்றுத்தான் கொடுத்தார்கள். ஏழு வயதான மற்றொன்றில் கெட்ட இரண்டு காம்புகளை வற்றவிட்டு, நல்ல இரண்டில் மட்டும், எல்லா மாடுகளுக்கும் கடைசியாகக் கறந்தார்கள். மூன்றாவது மாட்டைக் கொடுக்கத் தாயார் சம்மதிக்கவில்லை. "அது பால்லதான் என் பொண்ணு கல்யாணமே நடந்துது சார்" என்றார். அதை வாதாடி மாற்றுவது மருத்துவரின் வேலையல்ல. மற்ற மாடுகளிலிருந்து தள்ளி, வேப்பமரத்தடியில் கட்டினார்கள்.

மீதி நான்கு ஆரியஸ் மாடுகளுக்கு, பால் வற்றும் பருவத்தில் உணர்திறன் சோதனை காட்டிய மருந்தை மடிக்குள் செலுத்தினோம். இது ஆன்டிபயாடிக்தான். தேவையான இடத்தில் தேவையான மருந்தை மறைக்காமல் தருவதும் கட்டுப்பாட்டின் பகுதியே.

வண்டி ஏறிய நாள்: 2023 செப்டம்பர்

பதினொரு வயது மாட்டை ஏற்றும் நாளில் நானும் இருந்தேன். குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சிறு சரக்கு வண்டிதான் வந்தது. வழக்கமாக மூக்கணாங்கயிற்றை ஒருவர் முன்னால் இழுக்க, இன்னொருவர் வாலை முறுக்கி மாட்டை ஏற்றுவார்கள். அன்று வண்டியைக் கொட்டகை ஓரத்து மண்மேட்டை ஒட்டிப் பின்னால் நிறுத்தி, மேட்டில் வைக்கோல் பரப்பினோம். தாயார் ஒரு கை புண்ணாக்கோடு முன்னே நடக்க, மாடு இரண்டு முறை முகர்ந்து பார்த்துவிட்டுத் தானே ஏறியது. ஏழெட்டு நிமிடம் ஆனது. ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது, மாட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் சொல்வதைத் தரகருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் அதை முதல் முறையாகக் கேட்பவர்போலக் கேட்டார். மறுநாள் இறைச்சிக்கூடத்தில் அந்த மாட்டின் தொடையைத் திறந்தபோது பழைய தழும்புகள் இருந்தன. புதிய தடம் எதுவும் இல்லை.

மிக்ஜாம் மழையும் என் தவறும்: 2023 டிசம்பர்

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மாடுகளை மேட்டுச் சாலைக்கு ஓட்டிச்சென்று இரண்டு இரவு கட்டியிருந்தார்கள். 7-ஆம் தேதி காலை உரிமையாளர் கைப்பேசியில் அழைத்தார். மூன்றாம் ஈற்றுப் பசு ஒன்று, முந்தின வாரம் கன்று போட்டது. ஒரு காம்பு வீங்கி, பால் தண்ணீராக வருகிறது, தீனி கொஞ்சம் குறைவு என்றார். "ஊசி வேணாமா சார்?" என்று இரண்டு முறை கேட்டார். மாட்டுக்கு நோய் கண்டால் என்ன செய்வது என்று நாங்கள் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படியே செய்யுங்கள், மாதிரி எடுத்து வையுங்கள், ஆன்டிபயாடிக் இப்போது வேண்டாம் என்றேன்.

சாலைகளில் தண்ணீர் வடியாததால் மறுநாள் மாலைதான் போய்ச் சேர முடிந்தது. மாடு படுத்திருந்தது. காது சில்லிட்டிருந்தது. உடல் வெப்பம் 97.8 டிகிரி ஃபாரன்ஹீட், இயல்பைவிட மூன்று டிகிரிக்கும் மேல் குறைவு. கண் குழிவிழுந்து, ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. ஈ-கோலையின் நச்சு ரத்தத்தில் பரவியதற்கு இவையெல்லாம் பாடநூல் அடையாளங்கள். அடர் உப்புக் கரைசல், கால்சியம், ஆன்டிபயாடிக் எல்லாம் ஏற்றினோம். இரவு முழுவதும் தாயாரும் மகனும் மாட்டைப் புரட்டிப் படுக்கவைத்து வைக்கோல் மாற்றினார்கள். 9-ஆம் தேதி விடியற்காலையில் இறந்தது.

தவறு என்னுடையது. கன்று ஈன்று ஒரு வாரமே ஆன பசு, வெள்ளத்தால் இரண்டு இரவு சாலையில் நின்றது, பால் தண்ணீராக இருக்கிறது, தீனி குறைந்திருக்கிறது. இந்த நான்கும் என்னிடம் சொல்லப்பட்டவை. உடம்பு முழுவதும் நோய் பரவும் அறிகுறி உள்ள மாட்டுக்குச் சோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நான்கு மாதமாகக் குறைந்துவந்த குப்பி எண்ணிக்கை என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. காய்ச்சல் பார்த்தீர்களா, அசை போடுகிறதா, காது சில்லிட்டிருக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால், அருகில் இருந்த மருத்துவரை அன்று காலையிலேயே அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் மாடு நிச்சயம் பிழைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன், இந்த நோயில் மருந்து கொடுத்தும் இறப்பவை உண்டு. ஒன்றரை நாள் முன்னதாக அதற்கு உதவி கிடைத்திருக்கும். தேவையான மருந்தைத் தராமல் வைப்பதும் மாட்டுக்கு இழைக்கும் கொடுமைதான்.

அந்த வாரம் உரிமையாளர் மீண்டும் மருந்துக்கடைக்குப் போய் ஆறு குப்பி வாங்கி, நோயில்லாத மாடுகளுக்கும் போட்டார். நான் அவரைக் குறைசொல்லவில்லை. அந்தப் பசுவின் விஷயத்தில் அவர் கேட்டது சரி, நான் சொன்னது தவறு என்று அவருடைய தாயார் முன்னிலையில் சொன்னேன். சுவர் அட்டவணையைக் கிழித்துவிட்டு, புதியதன் முதல் வரியாக இதை எழுதினோம்: தீனி எடுக்காவிட்டால், காய்ச்சல் இருந்தால், காது சில்லிட்டால், எழ மறுத்தால் காத்திருக்காதே, உடனே மருத்துவரை வரவழை. மற்ற வரிகள் எல்லாம் அதற்குக் கீழே போயின.

தொடர்ந்து நடந்தவை: 2024 ஜூலை வரை

2024 ஜனவரி முதல் ஜூன் வரை வாங்கிய ஆன்டிபயாடிக் 13 குப்பி மற்றும் டியூப். அதில் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் ஒன்றே ஒன்று, அதுவும் சோதனை முடிவைப் பார்த்து எழுதியது. ஜூன் இறுதியில் 20 கறவை மாடுகளின் 78 காம்புகளைச் சோதித்ததில் 11 திரண்டன. அந்த இடைவெளியில் இரண்டு மாடுகள் வெளியே போயின, புதிதாக இரண்டு வந்தன, கோடையும் வறண்டதாக இருந்தது. ஆகவே முழுக் குறைவையும் எங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

பாலை நிறுத்திய இரண்டு வீடுகளில் ஒன்று திரும்பி வந்தது. மருந்துக்கடை இன்னும் சீட்டில்லாமல்தான் விற்கிறது. இந்தக் குடும்பம் வாங்குவதில்லை, பக்கத்துக் கொட்டகைகள் வாங்குகின்றன. கறவைக்காரர் தன் மற்ற இரண்டு கொட்டகைகளிலும் துணியை விட்டுச் செய்தித்தாளுக்கு மாறியிருப்பதை அவரே சொல்லித்தான் அறிந்தேன். நான் அந்தக் கொட்டகைகளுக்குப் போனதே இல்லை.

மீண்டும் செய்தால் மாற்றுபவை

சுவர் அட்டவணையில் அவசர அறிகுறிகளை முதல் நாளே முதல் வரியாக வைப்பேன். மழைக்காலத்துக்கு முன், அக்டோபரிலேயே, சினை மாடுகளையும் புதிதாக ஈன்றவற்றையும் எந்த மேட்டுக்கு மாற்றுவது என்று இடம் பார்த்து வைப்பேன். ஏரிக்கரைக் கொட்டகைக்குள் தண்ணீர் வரும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, நான் ஒருவன்தான் கேட்கவில்லை. குப்பிகளின் எண்ணிக்கையை மட்டும் மாத அளவுகோலாக வைக்க மாட்டேன். அதன் பக்கத்திலேயே இறந்தவை, படுத்த படுக்கையானவை, வலிமருந்து பெற்றவை என்ற மூன்று எண்களும் இருந்தாக வேண்டும். முதல் எண் குறைந்து மற்றவை கூடினால் அதை முன்னேற்றம் என்று எழுதக் கூடாது.

அடிமாட்டுச் சான்றிதழோடு கடைசி ஊசியின் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பும்படி, நான் பார்க்கும் கொட்டகைகளில் 2024 பிப்ரவரி முதல் கேட்டுவருகிறேன். சட்டம் கேட்காததால் தரகர்களுக்கு அது பொருட்டில்லை. இதுவரை என் கைக்கு ஒன்பது சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒன்றில் தேதியோடு, தாயாரின் கையெழுத்தில், மாட்டின் பெயரும் இருந்தது.